காலிப்பணியிடம்: பூனை

சாக்குப்பை அசைந்தது.

பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்குப் போகும் பஸ்ஸில், கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த முனாப் அதை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"பாய், பையில என்னா?"

"சாமானுங்க."

"சாமான் மூச்சு விடுது?"

முனாப் தகரப்பெட்டி செய்கிறவர். பொய்யில் அனுபவம் போதாது. ஒரு பொய்க்கு மேல் அவருக்கு வராது.

"பூனைங்க. சர்க்காருக்குக் கொண்டு போறேன்."

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். சர்க்கார் சமாசாரத்தில் தலையிடக் கூடாது என்பது அவர் சர்வீஸில் கற்ற முதல் பாடம்.

நாலு பேருக்குப் பெட்டி செய்து கொடுத்துக் கௌரவமாகப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், அரசாங்கத்துக்குப் பூனை கடத்தும் நிலைக்கு எப்படி வந்தார்?

எல்லாம் ஒரு காதினால் வந்தது.

முனாபின் மகள் குல்ஷன் 1967 மார்ச் பதினாலாம் தேதி பிறந்தவள். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று, ஹெட்மாஸ்டர் வழக்கப்படி வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது. குல்ஷனின் விரல் காதுக்கு அரை அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் அவருக்கு மனம் வரவில்லை. காதை மீறவும் மனம் வரவில்லை. அரை அங்குலத்துக்கு வயதில் பத்து மாதம் என்று கழித்து, 1968 ஜனவரி என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

இப்போது 1984. குல்ஷன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆசிரியப் பயிற்சிக்கு மனுப்போட உட்கார்ந்தாள். ஜூலை முதல் தேதியன்று பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும் என்று மனுவில் போட்டிருந்தது. பெற்றவளைக் கேட்டால் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தைக் கேட்டால் முடியவில்லை. பிறந்த தேதிக்குச் சத்தியம் செய்யத் தாய் அமீருன்னிசா தயாராக இருந்தாள். சத்தியத்துக்கு சீல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிறப்புப் பதிவேட்டிலிருந்து நகல் வேண்டும். கடைசி நாள் ஆகஸ்ட் பத்து.

பத்தாம் தேதி தாண்டினால் இன்னொன்றும் நடக்கும். மொரப்பூரிலிருந்து முனாபின் அக்கா ஜான் பீ, தன் மகனுக்குப் பெண் கேட்டு வருகிறாள். "படிப்பு இல்லைன்னா நிக்காஹ்தானே?" என்று கடிதமே போட்டுவிட்டாள். குல்ஷன் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டாள். எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் முனாபை பஸ் ஏற்றியது.

முதல் முறை அவர் போனது ஏப்ரலில்.

தர்மபுரியில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது பழம்பதிவேட்டுக் காப்பகம். கிளார்க் பெரியண்ணன் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, உட்காரச் சொன்னார். மரியாதைக்குக் குறைவே இல்லாத அலுவலகம்.

"அறுபத்தேழு, பென்னாகரம் கட்டு. இருக்குதுங்க பாய். பதிவறையில பத்திரமா இருக்குது."

"எடுத்துக் குடுங்க சார்."

"எடுக்க முடியாதுங்களே. உள்ள எலி இருக்குது."

"எலி என்னாங்க பண்ணும்?"

"பேப்பரைத் தின்னும்."

"அப்ப சீக்கிரமா எடுத்துடறது நல்லதுதானுங்களே?"

பெரியண்ணன் சிரித்தார். வெளியாட்கள் எல்லோரும் முதல் நாள் இதையேதான் கேட்கிறார்கள்.

"கட்டைப் பிரிச்சா எலிக்குத் தின்ன சுலபமாயிடும் பாய். அதனால எலி இருக்கிற வரைக்கும் எந்தக் கட்டையும் பிரிக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்குது. கட்டியே கெடந்தா, அது முதல்ல கயித்தைக் கடிக்கணும். நமக்குக் கொஞ்சம் டைம் கிடைக்கும்."

"எதுக்குங்க டைம்?"

"பூனை வாங்கத்தான்."

பூனை 1981-லேயே அனுமதிக்கப்பட்டுவிட்டது. ஆணையில் 'பூனை ஒன்று' என்று மட்டும் இருந்தது. குட்டியா, வளர்ந்ததா என்று இல்லை. விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்கள். 'உள்ளூர் நிலைமைக்கேற்ப முடிவு செய்க' என்று பதில் வந்தது. மூன்று வருஷமாக உள்ளூர் நிலைமை ஆராயப்பட்டு வந்தது. பெரியண்ணன் அந்தக் கோப்பை எடுத்துக் காட்டினார். தலையணை உயரம். ஒரு மூலையை எலி தின்றிருந்தது.

முனாபுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அதைச் சொல்லிப் பார்த்தார்.

"சார், நான் நல்ல கனமான தகரத்துல நாலு பெட்டி அடிச்சுக் குடுத்துடறேன். மூடி போட்டு வெச்சுட்டீங்கன்னா எலியோட அப்பனே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நல்ல யோசனைங்க. ஆனா பெட்டி தளவாடத் தலைப்புல வரும். பூனை உயிர்ப் பராமரிப்புத் தலைப்புல வரும். நமக்கு அனுமதி இருக்கிறது உயிருக்குத்தான்."

மூன்று முறை இப்படி நடந்தது. நான்காம் முறை அவரைக் காப்பாட்சி அலுவலர் சவுரியப்பன் அறைக்கே அழைத்துப் போனார்கள். சவுரியப்பன் பருத்த, இனிமையான மனிதர். மேஜையில் பேனாக்கள் உயர வரிசைப்படி நின்றன.

"உக்காருங்க பாய். ஒரு பூனை வாங்க இவங்களுக்கு மூணு வருஷமான்னு வெளியில பேசிக்கிறாங்க. தெரியும் எனக்கு. சரி, நீங்களே சொல்லுங்க. குட்டியா, வளர்ந்ததா?"

"எலி புடிக்கிறது எதுவோ அதுங்க."

"எல்லாரும் அவசரப்பட்டு அதைத்தான் சொல்றாங்க." சவுரியப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "குட்டின்னா என்ன வசதி? நம்ம கையில வளரும். நம்ம பழக்கம் படியும். பத்தரைக்கு வரும், அஞ்சுக்குப் போவும், நடுவுல யாரையும் தொந்தரவு பண்ணாது. ஆனா எலி புடிக்கப் பழக ஆறு மாசமாவும். யாரு பழக்குறது? எங்க ஆபீசுல எலி புடிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல."

"வளர்ந்ததுன்னா தானாவே புடிக்குமுங்க."

"அங்கதான் பாய் ஆபத்து. வந்த அன்னிக்கே அது வேலையை முடிச்சுட்டுதுன்னு வைங்க. இத்தனை வருஷமா நீங்க என்னா பண்ணீட்டு இருந்தீங்கன்னு மேலிடத்துல கேப்பாங்க. நான் இருபத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டவன். வேலை தெரிஞ்ச ஒருத்தன் உள்ள வந்து எத்தனையோ நல்ல ஆபீசு கெட்டுப் போனதை என் கண்ணால பாத்திருக்கேன்."

இதை அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. அனுபவசாலி இளையவனுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். முனாபுக்கு அவரைவிட ஆறு வயது அதிகம்.

போகப் போக முனாபுக்கு அந்த அலுவலகத்தின் அரசியல் பிடிபட்டது. புரமோஷனுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் குட்டிக் கட்சி. வளர்ந்த பூனை நேரடியாக உள்ளே வந்தால் சீனியாரிட்டி அடிபடும். ஓய்வுபெறப் போகிறவர்கள் வளர்ந்த கட்சி. குட்டி பெரிதாவதற்குள் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிரிவுபசார போட்டோவில் நிற்க ஒரு முழுப் பூனை வேண்டும். இரண்டு கட்சியும் மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை கூடின. கூட்ட முடிவுகளை பெரியண்ணன் எழுதினார்: 'விரிவாக விவாதிக்கப்பட்டது. தேநீர் வழங்கப்பட்டது.'

மே மாதம் போனபோது அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. கள ஆய்வுக்காக ஜீப்பில் ஒகேனக்கல் போயிருந்தார்கள். மீன் தின்று வளரும் பூனைக்கு எலியின்மேல் ஆர்வம் குறையுமா என்பது ஆய்வு. இரண்டு நாள் தங்கி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசலில் போய்க் கவனமாக ஆராய்ந்திருந்தார்கள். அறிக்கையை பெரியண்ணன் முனாபுக்கே படித்துக் காட்டினார்: 'எலி ஆர்வம் குறித்து முடிவுக்கு வர இயலவில்லை. மீன் குறித்து ஐயமில்லை.'

ஜூன் போயிற்று. ஜூலை பாதியும் போயிற்று. பென்னாகரத்தில் கடை பூட்டிக் கிடந்தது. கல்யாணத்துக்குப் பெட்டி சொல்லியிருந்தவர்கள் மாரண்டஹள்ளிக்குப் போய் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே அமீருன்னிசா ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு என்னா சொன்னாங்க? குட்டியா, பெருசா?"

"பேசறாங்க."

"என்னாங்க, நீங்க ஆம்பளதானே? நம்ம வூட்டுல ஒண்ணு அடுப்பாண்ட சும்மாத்தானே படுத்துக்கெடக்குது? அதைக் கொண்டுபோய் அவங்க மேஜையில வுட்டுட்டு வாங்க. வந்து உக்காந்துட்டா வெளிய போன்னு சொல்ல அவங்களுக்கு ஒரு மூணு வருஷமாவும்."

முனாப் மகளைப் பார்த்தார். குல்ஷன் புத்தகத்தை மூடினாள்.

"அத்தா, அங்க வேணாம்னு சொன்னா அதைத் தொலைச்சுட்டு வந்துடாதீங்க. மொரப்பூருக்கு நான் போறப்ப எனக்குத் துணைக்கு வேணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முனாப் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சாக்குப்பையைத் தேடினார்.

சாக்கின் கயிற்றை அவிழ்த்ததும் பூனை ஒரே தாவில் சவுரியப்பனின் மேஜைமேல் ஏறி, தன்னைப் பற்றிய கோப்பின்மேலேயே உட்கார்ந்து காலை நக்கியது. பேனாக்கள் சரிந்தன. அலுவலகம் முழுக்கக் கூடிவிட்டது. மூன்று வருஷமாகப் பூனையைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப்பேர் அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"இது குட்டி இல்ல," என்றார் பெரியண்ணன், கோப்பில் எழுதிக்கொண்டே. "வளர்ந்தது. இதுக்கு முன்ன எங்க வேலைங்க?"

"எங்க வூட்டுல."

"எதனால விலகுச்சு?"

"அது எங்க விலகுச்சு? நான்தான் சாக்குல போட்டேன்."

"கட்டாய விடுவிப்பு. நன்னடத்தை எப்படி?"

முனாபுக்கு மறுபடியும் பொய் வரவில்லை. "ரெண்டு வாட்டி பாலைக் குடிச்சிருக்குதுங்க."

"கேட்டா, கேக்காமயா?"

"கேக்காமதான்."

பேனா நின்றது. பெரியண்ணன் சுற்றி நின்றவர்களை ஒரு முறை பார்த்தார். "அதை எழுத வேணாம் பாய். எழுதினா எல்லாருக்கும் எழுதணும்னு ஆயிடும்."

வயதுச் சான்று வேண்டும் என்றார்கள். மாட்டு டாக்டர் மாரப்பனுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து பூனையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"மூணு வயசு. பல்லு சுத்தம். ஆனா சார், சினையா இருக்குது. கையில நாலு தட்டுப்படுது. மூணு வாரத்துல போட்டுடும்."

குட்டிக் கட்சி வளர்ந்த கட்சியைப் பார்த்தது. வளர்ந்த கட்சி குட்டிக் கட்சியைப் பார்த்தது. சவுரியப்பன் மெதுவாக எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"முடிவெடுக்கலைன்னு நம்மளைத் திட்டினாங்க," என்றார். "இப்பப் பாருங்க. ரெண்டுல ஒண்ணுன்னு அன்னிக்கே முடிவெடுத்திருந்தா இந்த மாதிரி ஒண்ணு நமக்குக் கிடைச்சிருக்குமா? ஒரு நிர்வாகம் போதுமான காலம் சும்மா இருந்தா, எந்தப் பிரச்சினையும் தானா தீர்வை வயித்துல வாங்கிக்கிட்டு வந்து நிக்கும். இதைத்தான் நான் ஜூனியர்களுக்குச் சொல்றது."

கைதட்டினார்கள். முனாபும் தட்டினார், தட்டாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயம்.

"அப்ப கட்டைப் பிரிச்சுடலாங்களா சார்?"

"குட்டி பிறக்கட்டும் பாய். ஆள்பலம் முழுசாவட்டும்."

பூனை அன்றே பொறுப்பு நிலையில் பதிவறைக்கு அனுப்பப்பட்டது. நாளுக்கு இரண்டு வேளை பால் வைத்தார்கள். அது பாலைக் குடித்துவிட்டுத் தூங்கியது. எலி தன் வேலையைப் பார்த்தது. ஒருவருக்கொருவர் குறுக்கே போகாமல் வேலை செய்யும் அந்தப் பண்பு சவுரியப்பனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதற்கிடையில் யாரோ கேட்டுவிட்டார்கள்: குட்டிகளும் நாளைக்குச் சர்வீஸில் வருமென்றால், அவற்றுக்கு வயதுச் சான்று? பிறப்புப் பதிவேடுகளைக் காக்கும் அலுவலகத்திலேயே பிறந்துவிட்டு, பிறந்த தேதி தெரியாமல் நிற்பது அவமானம் இல்லையா? உடனே நாலு பிறப்புச் சான்றிதழ்ப் படிவங்கள் எடுத்தார்கள். வரிசை எண் அச்சிட்ட படிவங்கள்; ஒன்று ஒழுங்காக முடியாமல் அடுத்த எண்ணைத் தொடக் கூடாது. முன்கூட்டியே தெரிந்ததை பெரியண்ணன் டைப் அடித்தார். தெரியாத கட்டங்களைக் காலியாக விட்டார். பிரசவத்தன்று தாமதம் ஆகக் கூடாது என்று சவுரியப்பன் நாலிலும் கையெழுத்திட்டு, சீல் குத்தி வைத்துவிட்டார். அவர் சர்வீஸில் ஒரு வேலையை முன்கூட்டிச் செய்தது அதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் எட்டாம் தேதி முனாப் போனபோது அலுவலகத்தில் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் பூனை குட்டி போட்டுவிட்டது.

"எந்த இடத்துல போட்டுதுன்னு நெனைக்கிறீங்க பாய்?" என்றார் பெரியண்ணன். "உங்க கட்டுலதான்."

பதிவறைக்குள் அழைத்துப் போய்க் காட்டினார். அலமாரியின் கீழ்த்தட்டில், 'பென்னாகரம் - 1967' என்று எழுதிய அட்டைகளுக்கு நடுவே பூனை படுத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டு முழுசாக இருந்தது. கயிறுகூட அறுபடவில்லை. உள்ளே எலி வருஷக்கணக்காகக் கடித்துக் கடித்து, ஊரின் ஒரு வருஷப் பிறப்பையெல்லாம் இலவம்பஞ்சு மாதிரி ஆக்கி வைத்திருந்தது. கட்டடத்திலேயே மெத்தென்ற இடம் அதுதான். பூனை சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தது.

முனாப் குனிந்து ஒரு துணுக்கை எடுத்தார். யாரோ ஒருவருடைய பேரில் இரண்டெழுத்து இருந்தது.

"சார், பதிவு இல்லைன்னாவது எழுதிக் குடுங்க. அதை வெச்சுக்கிட்டு நான் வேற எங்கனா முட்டிக்கிறேன்."

"இல்லைன்னு எழுதினா, எப்பப் போச்சு, யாரு பொறுப்புல இருந்தீங்கன்னு கேப்பாங்களே."

"அப்ப இருக்குதுன்னு எழுதிக் குடுங்க."

"இருக்குதுன்னா, காட்டுன்னு நீங்க கேப்பீங்களே." பெரியண்ணன் அவர் தோளைத் தொட்டார். "கட்டு இருக்குது பாய். உள்ள பேப்பர்தான் இல்ல. இந்த நிலைமைக்கு இன்னும் படிவம் வரல."

முனாப் வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தார். இன்னும் இரண்டு நாள். ஜான் பீ இப்போதே பை தைத்து, வெற்றிலை கட்டிக்கொண்டிருப்பாள். குல்ஷனிடம் என்ன சொல்வது? உன் பிறப்பின்மேல் பூனை படுத்திருக்கிறது என்றா?

அரைமணி நேரம் அப்படியே இருந்தார். உள்ளே சத்தம் கேட்டது. முதலில் நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு அலமாரிகள் நகர்ந்தன. மாட்டு டாக்டர் மாரப்பன் சைக்கிளில் வேர்த்து விறுவிறுக்க வந்து உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்னாங்க டாக்டர், பூனைக்கு ஏதாவது?"

"பூனை நல்லாத்தான் இருக்குது. மூணு குட்டி. ஆனா இவங்க நாலாவதைக் குடுன்னு கேக்கறாங்க. வயித்தை அமுக்கிக் காமிச்சேன், காலின்னேன். நீங்கதானே நாலுன்னு சொன்னீங்கன்னு என்மேல பாயறாங்க."

அப்போது சவுரியப்பனே வாசலுக்கு வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. கையில் ஒரு படிவம்.

"பாய், கொஞ்சம் உள்ள வாங்க."

கதவைச் சாத்தினார்கள். சவுரியப்பன் படிவத்தை மேஜைமேல் வைத்து விரலால் தட்டினார்.

"நாலு கையெழுத்து. மூணு குட்டி. என் கையெழுத்தும் சீலும் போட்டு, வரிசை எண்ணோட, ஆள் இல்லாம ஒரு பிறப்புச் சான்று. இது என்னன்னு தெரியுதா? இருபத்தாறு வருஷ சர்வீஸ் இது."

"கேன்சல் பண்ணிடுங்களேன் சார்."

"காரணம் எழுதணும். காரணம் பூனைன்னு மெட்ராசுக்கு எழுதச் சொல்றீங்களா?" கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் சுத்தி வளைக்கல பாய். உங்க வூட்டுப் பக்கம் யாருக்காவது இந்த வாரத்துல குழந்தை ஏதாவது..."

"இந்த வாரத்துல இல்லீங்க." முனாப் படிவத்தைப் பார்த்தார். "பதினேழு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு இருக்குது."

சவுரியப்பன் பெரியண்ணனைப் பார்த்தார்.

"தாமதப் பதிவு," என்றார் பெரியண்ணன் மெதுவாக. "விதி இருக்குது சார். தாமதமாப் பதியலாம்னு போட்டிருக்குது. எவ்வளவு தாமதம்னு போடல."

"ஏற்கெனவே பதிவானதை மறுபடியும் பதியலாமா?"

"பதிவானதுக்கு ஆதாரம் பூனைக்கு அடியில பஞ்சாக் கெடக்குது சார்."

மூன்று வருஷத்தில் அந்த அலுவலகம் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை. பெரியண்ணன் நல்ல பேனாவை எடுத்தார். பெயர், குல்ஷன். பெண். பிறந்த தேதி, பதினாலு, மார்ச், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு. இடம், பென்னாகரம். தாய், அமீருன்னிசா. தகப்பன், முனாப். ஒவ்வொன்றையும் எழுதி, உறிஞ்சுதாளை ஒற்றி, வாயால் ஊதினார்.

பேனா அடுத்த கட்டத்தின் மேல் நின்றது. பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சார். இங்க டைப் அடிச்சிருக்குது."

எல்லாக் குட்டிகளுக்கும் பொதுவாக, அலுவலகத்தில் ஒருவரும் ஆட்சேபிக்காமல் முன்கூட்டியே நிரப்பிய ஒரே கட்டம் அது. தகப்பனாரின் தொழில்: ஊர் சுற்றுதல்.

"அடிச்சுத் திருத்தினா?" என்றார் சவுரியப்பன்.

"கையெழுத்துக்குப் பின்னால திருத்தம்னா ஒப்புதல் வாங்கணும் சார். மூணு மாசமாவும்."

இரண்டு பேரும் முனாபைப் பார்த்தார்கள். முதல் முறையாக அவர்கள் முகத்தில் வெட்கம் மாதிரி ஏதோ இருந்தது.

முனாப் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் படித்தார். ஏப்ரலிலிருந்து இது பத்தொன்பதாவது தடவை. பென்னாகரம், தர்மபுரி, பென்னாகரம். கடைசியாகச் சுத்தியலை எப்போது எடுத்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

"சரியாத்தாங்க போட்டிருக்குது," என்றார். "குடுங்க."